பன்னிரண்டு குளங்களுக்கு இருபத்துநான்கு பேர்

நவம்பர் 4, ஞாயிறு

ஞானதுரை அண்ணாச்சி நேற்று மாலை ரயிலில் ஓசூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய பேக்கரியைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். எங்கள் குளக்கரைப் பறவை நோக்கர் வட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்.

"எனக்கு ஆட்களோடு பேச வராதே அண்ணாச்சி" என்று பிளாட்பாரத்தில் வைத்துச் சொன்னேன்.

"பறவைக்குப் பேரு தெரிஞ்ச ஒரே ஆளு நீருதாம்வே. நான் இருவத்திரண்டு வருசமா எல்லாத்தையும் உள்ளான் வகையறான்னு சொல்லியே ஓட்டிட்டேன்" என்று சிரித்தார். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியே ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

இந்த நோட்டில் இனி வட்டத்தின் வேலைகளைத் தேதி வாரியாக எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். முதலில் முக்கியமானது. ஜனவரி 20 அன்று நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. பாளையங்கோட்டையைச் சுற்றிப் பன்னிரண்டு குளங்கள், குளத்துக்கு இருவர். ஒருவர் பைனாகுலரில் பார்த்து எண்ணிச் சொல்ல வேண்டும், மற்றவர் தாளில் எழுத வேண்டும். எல்லாக் குளத்திலும் ஒரே காலையில், ஆறரை முதல் ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குளத்தில் எண்ணிய நாரை அடுத்த குளத்துக்குப் பறந்துபோய் அங்கேயும் கணக்கில் ஏறிவிடும். ஆக, இருபத்துநான்கு பேர். ஒரு குளம் விட்டுப்போனாலும் வரிசை அறுந்துவிடும். இருபத்திரண்டு ஆண்டாக அறுந்ததில்லை. நானும் ஒரு கணக்கெடுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. புள்ளியியல் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவனுக்கு அறுபடாத வரிசையின் அருமை தெரியும்.

பட்டியலில் முப்பத்தொரு பெயர் இருக்கிறது. போதும்.

நவம்பர் 11, ஞாயிறு

என் தலைமையில் முதல் நடை, மேலப்புதுக்குளம். பத்தொன்பது பேர் வந்தார்கள்.

ஒரு சிறிய மாற்றம் செய்தேன். நடை முடிந்ததும் எல்லோரும் மடைச் சுவரில் உட்கார்ந்து, அண்ணாச்சி கொண்டுவரும் பன்னைத் தின்றுகொண்டு, ஆளுக்கொரு பறவை சொல்வது வழக்கம். 'இன்னைக்கு என் பறவை' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது அண்ணாச்சி வைத்த சட்டம். ஆட்டோ ஓட்டும் சுடலைமணி ஒருமுறை ஹெலிகாப்டர் என்று சொன்னான். அதற்கும் கை தட்டினார்கள். இதில் முக்கால் மணி நேரம் போகிறது. இன்று அதற்குப் பதிலாகப் பட்டியலை வாசித்து, ஒவ்வொரு பதிவையும் சரிபார்த்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது.

எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். வசதியாக இருந்திருக்கும்.

பழைய நாட்களில் இந்தக் குளத்துக்கு என் மனைவி வடிவும் வருவாள். பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி. அவள் பறவை எப்போதும் மீன்கொத்தி. வேறு எதையும் சொன்னதில்லை.

நவம்பர் 18, ஞாயிறு

பதினேழு பேர். ஓய்வு பெற்ற நர்ஸ் மரியபுஷ்பம் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். வரும் வழியில் ஆண்டிச்சிகுளத்தில் செங்கால் நாரை ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. செங்கால் நாரை நம் பக்கம் வருவது மிக அரிது. வந்திருந்தால் பெரிய செய்தி. ஆகவே விதிப்படி கேள்விகள் கேட்டேன். எவ்வளவு தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம், அலகின் நிறம் என்ன, இறக்கையில் கறுப்பு எங்கே, முகத்தில் தோல் மஞ்சளா, பைனாகுலரா வெறும் கண்ணா. மொத்தம் பதினொரு கேள்வி. ஐந்தாவது கேள்விக்கே அவர் தடுமாறினார். மஞ்சள்மூக்கு நாரைக்கும் கால் இளஞ்சிவப்புதான், தூரத்தில் பார்த்தால் மயக்கும் என்று எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கம் தெளிவாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

மாலையில் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: 'செங்கால் நாரை 1, ஆண்டிச்சிகுளம். ஆதாரம் போதாமையால் பதிவு நீக்கப்படுகிறது.'

நவம்பர் 19, திங்கள்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மரியபுஷ்பம் குழுவிலிருந்து விலகியதாகக் கைப்பேசி காட்டியது. தவறிக் கை பட்டிருக்கலாம்.

நவம்பர் 25, ஞாயிறு

பதினான்கு பேர்.

டிசம்பர் 2, ஞாயிறு

பதினொரு பேர். கரையோரம் மேயும் சிறு பறவைகளான உள்ளான்களைப் பிரித்தறிவது எப்படி என்று எட்டுப் பக்கக் குறிப்பு தயாரித்து, ஆளுக்கொன்று நகலெடுத்துக் கொடுத்தேன். பச்சைக்காலி, பவளக்காலி, பொரி உள்ளான் மூன்றையும் படம் போட்டு விளக்கியிருந்தேன். படம் வரைய நான்கு நாள் ஆயிற்று.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மீரான் பாய், "நல்லாருக்கு சார், நல்லாருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். சுடலைமணி பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "அரைப் பரீச்சையா, முழுப் பரீச்சையா சார்?" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிசம்பர் 9, ஞாயிறு

ஏழு பேர். வராதவர்கள் சொன்ன காரணங்களை அட்டவணையாக்கினேன். மழை 6, கல்யாணம் 4, தேவாலய வேலை 3, உடம்பு சரியில்லை 5, காரணம் சொல்லாதவர்கள் 6. இந்தக் கடைசி வரியை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

கணக்கெடுப்புக்கு ஆறு வாரம் இருக்கிறது. ஏழு பேரை வைத்து மூன்று குளம்தான் பார்க்கலாம்.

டிசம்பர் 16, ஞாயிறு

மழை. குளக்கரையில் நானும் சுடலைமணியும் மட்டும். ஆட்டோவுக்குள் உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தோம். திரும்பிப் போகலாமா என்று கேட்டேன்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கிட மாட்டியளே?" என்றான்.

"சொல்லு."

"பறவயப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆனா சனிக்கெழம சாயங்காலம் ஆறு மணின்னா போனு வந்துரும். 'ஏ மணி, மகளுக்குக் காய்ச்சல் விட்டுட்டா? விட்டுட்டுன்னா நாளைக்கு வா. விடலைன்னா நான் வாரேன்.' அம்புட்டுதான். பறவன்னு ஒரு வார்த்த வராது. நீங்க வாட்ஸ்அப்புல போடுதீய, 'உறுப்பினர்கள் 5.45க்கு ஆஜராக வேண்டும்'னு. நான் என்ன கோர்ட்டுக்கா வாரேன்?"

நான் பைனாகுலரை உறையில் போட்டு மூடினேன். அவன் பயந்துவிட்டான். "தப்பா எடுத்துக்காதீய சார். உங்க படமெல்லாம் ஏ ஒன். என் மக பச்சைக்காலிய வெட்டி பிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கா."

எங்கள் வீட்டுக்கும் சனிக்கிழமை ஆறு மணிக்குப் போன் வரும். முதல் அழைப்பே எனக்குத்தான் என்று அண்ணாச்சி ஒருமுறை சொல்லியிருக்கிறார். நவம்பரிலிருந்து அந்த நேரத்தில் நான் தேவையில்லாமல் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம், வேறொன்றுமில்லை.

டிசம்பர் 20, வியாழன்

கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கைகளை ஒரே வரைபடமாக்கிக் காட்டினால் ஆட்களுக்கு ஆர்வம் வரலாம் என்று தோன்றியது. பழைய கணக்கெடுப்புத் தாள்கள் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். வெளியில் விடாத தூறல். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன்.

2009-ஆம் ஆண்டுக் கட்டில் ஒரு தாளின் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தது. 'தரம் போதாது, நீக்கம்' என்று என் கையெழுத்து. நான்கைந்து வருடத்துக்கு முன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது போட்டது. குளம், செங்குளம். பதிவுகள் இப்படி: 'உள்ளான் வகையறா 140. வாத்து மாதிரி 60. வெள்ளையா பெருசா 6.' இப்படி எழுதினால் யார்தான் நீக்க மாட்டார்கள்?

கோடு போட்டபோது எண்களை மட்டும் பார்த்திருக்கிறேன். இன்றுதான் தலைப்பைப் பார்த்தேன். எண்ணியவர்: கோமதிநாயகம். நான்தான். எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் கையெழுத்து தெரிந்தது. உருண்டை உருண்டையாக, கேக்கின் மேல் பெயர் எழுதுகிற மாதிரி. அண்ணாச்சியுடையது.

அதற்கு முந்தைய நவம்பரில்தான் வடிவு இறந்தாள்.

அந்த ஜனவரியில் செங்குளத்துக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. யாரோ ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மடைச் சுவர் குளிர்ந்திருந்தது. எண்ணியது ஞாபகம் இல்லை.

நான் தவறவிடாத இருபத்திரண்டில் ஒன்று குறைகிறது. இருபத்தொன்று.

டிசம்பர் 21, வெள்ளி

ஓசூருக்குப் போன் செய்தேன். 2009 செங்குளத் தாளைப் பற்றிக் கேட்டேன்.

"அதையெல்லாம் யாருவே ஞாபகம் வச்சிருக்கா? நீரு எண்ணுனீரு, நான் எழுதுனேன்."

"நான் எண்ணவில்லை அண்ணாச்சி."

"எண்ணுனீரு. வாயத் தொறக்காம எண்ணுனீரு. எனக்குத் தெரிஞ்ச பேரத்தான நான் எழுத முடியும்?"

பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். மீரான் பாய்க்குக் கண் புரை ஆபரேஷன் ஆயிற்றா? சுடலைமணி மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள்? புஷ்பத்தின் வீட்டுக்காரருக்குக் கை அசைகிறதா? ஏழு கேள்வி. ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. புஷ்பத்தின் வீட்டுக்காரருக்குக் கை அசையாது என்பதே எனக்குத் தெரியாது.

"விசாரிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன்.

டிசம்பர் 23, ஞாயிறு

நடையை ரத்து செய்துவிட்டு மரியபுஷ்பம் வீட்டுக்குப் போனேன். தெருவில் இரண்டு முறை அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் பயற்று மாவு. "வாங்க சார்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"அந்த நாரையை நான் பார்க்கவில்லை, சிஸ்டர். அங்கே இருந்தவன் போல எழுதிவிட்டேன். அது தப்பு" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியம்.

"அது செங்கால் நாரை இல்ல சார். மறுநாளே புத்தகத்தப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி, மஞ்சமூக்கு" என்றார்.

அவரே தொடர்ந்தார். "அன்னைக்கு ஏன் லேட்டுன்னு யாராச்சும் கேட்டியளா? விடியக்கால இவுக கட்டில்லேருந்து விழுந்துட்டாவ. தூக்கிப் படுக்க வச்சு, பக்கத்து வீட்டு அக்காவ உக்கார வச்சிட்டு ஓடி வாரேன். வழியில அது நிக்கி. ஒத்தக் கால்ல, அசையாம. எனக்கு என்னமோ அது எனக்காவ வந்து நின்ன மாதிரி இருந்துச்சி. வீட்டுக்கு வந்து இவுககிட்டயும் சொன்னேன். சாயங்காலம் அவுகளுக்கு எப்பவும் குரூப்புல வாரத வாசிச்சுக் காட்டுவேன். அன்னைக்கு வாசிச்சா, நீக்கப்படுகிறதுன்னு வருது. 'அப்ப நீ பாக்கலையா?'ன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சொல் புரியவில்லை.

"உங்களுக்குக் காப்பி குடுக்கச் சொல்லுதாவ" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். அவர் கணவர் பெயர் சூசை என்றும், அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் என்றும், பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது என்றும் தெரிந்துகொண்டேன். வலது கை வராது. பேச்சு குழறும். அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் எழுந்துகொண்டேன்.

கணக்கெடுப்புக்கு வருவாரா என்று கேட்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பது சரியல்ல. கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஜனவரி 5, சனி

முப்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை எழுதினேன். அண்ணாச்சியிடமும் சுடலைமணியிடமும் விசாரித்து, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு மீரான் பாய்க்கு.

"மீரான் பாய், நாயகம் பேசுகிறேன்."

"என்ன சார்? யாருக்கு என்னாச்சு? அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்லையே?"

"எல்லோரும் நலம். உங்கள் கண் எப்படி இருக்கிறது?"

"எந்தக் கண்ணு சார்?"

அட்டையில் எந்தக் கண் என்று எழுதவில்லை. "இரண்டும்" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பிறகு ஆபரேஷன் கதையைக் கால் மணி நேரம் சொன்னார். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவர் ஊசிக்குப் பயந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாராம். கணக்கெடுப்பைப் பற்றி நான் பேசவே இல்லை. அவரேதான், "இருவதாம் தேதி எந்தக் கொளம் சார் எனக்கு?" என்றார்.

நான்கு பேருக்குத்தான் பேச முடிந்தது. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் ஆகும் என்று நான் திட்டமிடவில்லை. மீதி அட்டைகளைத் தினமும் நான்காகப் பிரித்திருக்கிறேன்.

ஜனவரி 11, வெள்ளி

இதுவரை பதினாறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் போனை எடுத்ததும், 'என் கேள்வியைக் கேளுங்க சார்' என்றார். அட்டை விஷயத்தைச் சுடலைமணி எல்லோரிடமும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். தனியாக இருந்தாலும் பால் பொங்கியது. மூன்று வீடுகளிலிருந்து கரும்பு வந்தது. ஒருவனுக்கு மூன்று கரும்பு அதிகம்.

ஜனவரி 19, சனி

இருபத்திரண்டு பேர், என்னையும் சேர்த்து. இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஆறு மணிக்கு மரியபுஷ்பத்துக்குப் போன் செய்தேன். அவர் அட்டையை மட்டும் கடைசி வரை எடுக்காமலே வைத்திருந்தேன்.

"சூசை அண்ணாச்சி எப்படி இருக்காங்க, சிஸ்டர்?"

"இருக்காவ சார். இப்பதான் கஞ்சி குடுத்தேன்." பிறகு, "எனக்கு வரணும்னுதான் இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா பொங்கலுக்குப் போனவ இன்னும் வரல. இவுகள தனியா விட்டுட்டு எப்படி வார?"

சரி என்று சொல்லி வைக்கத்தான் நினைத்தேன். "அவரையும் அழைத்து வாருங்கள். எனக்கு எழுதுவதற்கு ஆள் இல்லை" என்று வாய் சொல்லிவிட்டது.

"சார், அவுகளுக்கு வலது கை வராது."

"இடது கையால் கோடு போட்டால் போதும். ஒரு பறவைக்கு ஒரு கோடு."

போனைப் பொத்திக்கொண்டு உள்ளே கேட்டார். காத்திருந்தேன். திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "எத்தன மணிக்கு சர்வீஸுன்னு கேக்காவ."

ஜனவரி 20, ஞாயிறு

சுடலைமணி ஐந்தரைக்கே சூசையைக் கொண்டுவந்துவிட்டான். இரண்டு பேர் தாங்கித்தான் ஆட்டோவில் ஏற்ற முடிந்ததாம். செங்குளத்துக் கரைமேல், தண்ணீரைப் பார்த்து ஆட்டோவை நிறுத்திவிட்டு, தன் குளத்துக்கு வேறொருவரின் பைக்கில் போனான். மரியபுஷ்பமும் மீரான் பாயும் ஆண்டிச்சிகுளத்துக்குப் போனார்கள். அப்படி நான்தான் பிரித்திருந்தேன். பன்னிரண்டு குளத்திலும் இரண்டிரண்டு பேர் நிற்பதாக ஆறேகாலுக்குள் செய்தி வந்துவிட்டது.

நானும் சூசையும் மட்டும். அவரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அட்டையும் இல்லை. ஆறரைக்கு எண்ண ஆரம்பித்தேன். "நத்தைக்குத்தி நாரை ஒன்று, இரண்டு, மூன்று." தொடையில் அட்டைப் பலகையை வைத்து, இடது கையால் கோடு போட்டார். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. கோணலாக இருந்தாலும் தவறவில்லை. பேருந்தில் நின்றுகொண்டே டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை.

ஏழரை மணிக்கு வெயில் ஏறியது. முக்குளிப்பான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொன்னார். புரியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். மறுபடியும் சொன்னார்.

"ரெண்டு… கொளத்து வெலக்கு."

எனக்குப் புரிய நேரமாயிற்று. அது டிக்கெட். செங்குளத்து விலக்கு நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட். ஸ்கூட்டர் வாங்குவதற்கு முன்னால் நானும் வடிவும் ஐந்து நாற்பது முதல் பஸ்ஸில்தான் இங்கே வருவோம். இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கும். அந்தக் கண்டக்டரின் முகத்தை நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. சில்லறையை எண்ணி நீட்டுவேன், அவ்வளவுதான்.

"நீங்களா?" என்றேன்.

தலையை ஆட்டினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு, ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்க வாங்க, "அம்மா… எனக்கும்… காப்பி… தருவாவ" என்றார்.

எனக்கு அது தெரியாது. நான் முன்னால் இறங்கி ஓடிவிடுவேன், வெளிச்சம் வரும் முன் இடம் பிடிக்க. வடிவு பின்னால் மெதுவாக இறங்கி வருவாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறேன். ஒன்றுமில்லை என்பாள்.

பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு ஆட்டோவின் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வேறென்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதெல்லாம் வர வெகு நேரம் பிடித்தது. சில சொற்களை நான்கு தடவை கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் பஸ் பஞ்சராகி நின்றபோது வடிவு இறங்கி, வயற்காட்டு மின்கம்பியில் இருந்த மீன்கொத்தியை பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினாளாம். டிரைவர்கூட இறங்கிப் பார்த்தாராம். நான் எங்கே இருந்தேன் என்று கேட்டேன். நான் பஸ்ஸுக்குள் நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேனாம்.

மறுபடி பைனாகுலரை எடுத்தபோது ஒன்பது பத்து. விட்ட இடம் தெரியவில்லை. முக்குளிப்பான்கள் கலைந்து வேறு பக்கம் போயிருந்தன. விதிப்படி இந்தத் தாள் செல்லாது. சூசை பலகையை நிமிர்த்திப் பிடித்து, பென்சிலோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தோம். முடியும்போது பத்தே முக்கால். மற்ற பதினொரு குளங்களிலிருந்தும் ஆட்கள் முடித்துவிட்டு இங்கே வந்து, கரையில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மரியபுஷ்பம் ஆட்டோவின் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் கடுமைதான்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு தாளையும் அடுக்கினேன். செங்குளத்துத் தாளைக் கடைசியாக எடுத்தேன். நாமக்கோழி 212, முக்குளிப்பான் 47, நத்தைக்குத்தி நாரை 31, உள்ளான்கள் எனக்குத் தெரிந்த வரை இனம் பிரித்து. எண்ணியவர் கோமதிநாயகம், எழுதியவர் சூசை. தொடங்கிய நேரம் 6.30, முடித்த நேரம் 10.45. நேரம் ஒன்பதைத் தாண்டினால் கீழே காரணம் எழுத வேண்டும் என்பது நானே சேர்த்த விதி. பேனாவை எடுத்தேன்.

'பேசிக்கொண்டிருந்தோம்' என்று எழுதினேன்.